பக்கத்து வீட்டுக்காரரின் சிபாரிசு

மழை விட்டிருந்த காலையில் திருமுல்லைவாயிலில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். பக்கத்து போர்ஷனில் குடியிருந்தவர் வெளியே வந்தார். லுங்கி, நரைத்த மீசை. பேசும் முன் ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்த்துக்கொள்வார்.

"ஓனரு தங்கமானவரு சார்," என்றார், வீடு காட்ட வந்திருந்த ஓனரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. "கூரை மட்டும் ஒழுவும். ஒரு வருசமா சொல்லிகினுதான் கீறேன். குடை புட்சிகினு தோசை சுடுறோம். வந்து பாருங்க."

பார்த்தேன். சுவிட்ச் போர்டு மேலேயே தண்ணீர் வழிந்தது. ஓனர் முகம் கறுத்து, அங்கேயே கொத்தனாருக்குப் போன் போட்டார்.

ஓனர் நகர்ந்ததும் மீசைக்காரரிடம் கேட்டேன்: "வீடு பார்க்க வர்ற எல்லார்கிட்டயும் இதைச் சொல்வீங்களா?"

"பின்னே? நல்ல மனுசனைப் பத்தி நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

ஒழுகலைப் பார்த்த பிறகும் அங்கேயே ஏன் குடிவந்தோம் என்று மனைவி இன்னும் கேட்கிறாள். பக்கத்தில் இப்படி ஒருத்தர் இருக்கும்போது நமக்கென்ன கவலை?