முழுகாத அத்தை

திருத்தணிக்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலேறி மதராசுக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, கடலுக்கு அடியில் போய்வருகிற தொழிலை ஆரம்பிக்கப் போவதாக என் மாமா ஒருநாள் சொன்னார். பெரியவர்கள் யாரும் நம்பவில்லை. எனக்கு மட்டும் அன்றைக்குச் சந்தோஷத்தில் சோறே இறங்கவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் ஓடிய நான்கு விசைத்தறிகளை நைனாவோடு சேர்ந்து அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். தறி மாமாவுக்குச் சோறு போட்டதே தவிர, பேர் வாங்கிக் கொடுத்தது கிணறுதான். யார் வீட்டுக் குடம் விழுந்தாலும், எந்தக் கழனியில் மோட்டார் குழாயின் அடியில் பாசி அடைத்தாலும் ஆள் அனுப்புவார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகப் பாய்ந்தாரென்றால், மேலே நிற்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் வெளியே வருவார்.

சேலை மூட்டையோடு மதராசுக்குப் போனவர் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஆளைப் பார்த்திருக்கிறார். கப்பற்படையில் இருந்தவராம். முதுகில் காற்று அடைத்த இரும்பு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, அதன் குழாயை வாயில் கவ்வியபடி தண்ணீருக்குள் போனவர், மாமா டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் உள்ளேயே இருந்தாராம். மாமா அவரை விடவில்லை. அவரும் மாமாவைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்துவிட்டு, ஆவணி முடிகிறவரைக்கும்தான் இங்கே இருப்பேன், அதற்குள் வந்தால் கற்றுத் தருகிறேன் என்று சொல்லி, கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற கறுப்பு ரப்பர் கண்ணாடி ஒன்றையும் கொடுத்தனுப்பினார்.

அந்தக் கண்ணாடி வந்த நாளிலிருந்து நான் மாமாவைக் கேள்வி கேட்டே கொன்றேன். தண்ணீருக்குள் தும்மல் வந்தால் என்ன செய்வது? மீன் தூங்குமா? கண்ணாடி போட்டுக்கொண்டு அழுதால் கண்ணீர் எங்கே போகும்? தெரிந்ததற்குப் பதில் சொல்வார். தெரியாததற்கு, "போய்ப் பாத்துக்கினு வந்து சொல்றேன் பாப்பா" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தறி நின்றிருந்த நேரத்தில், வீட்டில் மாமாவுக்கு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நைனாதான் ஆரம்பித்தார்.

"உள்ள காத்து தீந்துபோச்சுன்னா இன்னா பண்ணுவே? அங்க சைக்கிள் கடையா கீது?"

மாமா சிரித்தார். நைனா விடவில்லை. "நல்லா ஓடற தொழிலே முழுகிப்பூடுது. நீ முழுகறதையே தொழிலா வெச்சிக்கினா எங்க போய் நிக்கும்?"

"முழுகினா மேல வந்துருவேன் பாவா. அதானே தொழிலே" என்றார் மாமா.

நைனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாமா ஜெயித்துவிட்டார் என்று நான் நினைத்த நேரத்தில், அதுவரை பேசாமல் இருந்த அம்மா வாயைத் திறந்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்டா. அவ முழுகாம இருக்கா. இந்த நேரத்துல நீ போய் கடல்ல முழுகலாமா?"

அவ்வளவுதான். மாமா, கதவோரம் நின்ற அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு மாமா எழுந்துபோய்க் கண்ணாடியைப் பரண்மேல் வைத்தார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அத்தை முழுகாவிட்டால் மாமா ஏன் முழுகக் கூடாது? ஆனால் அம்மா சொன்னது பொய்யில்லை. நான் கவனித்துப் பார்த்தேன். அத்தை சொம்பில் மொண்டுதான் குளித்தாள். ஏரிக்கரைக்குக்கூடப் போகவில்லை. "நீங்க ஏன் அத்தை முழுக மாட்டேன்றீங்க?" என்று நேராகவே கேட்டேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "உங்க மாமாவக் கேளு" என்றாள். மாமாவைக் கேட்டால், "உங்க அத்தையக் கேளு" என்றார். இரண்டு பேருக்கும் அதில் சந்தோஷம்தான் போலிருந்தது. ஆனாலும் யாரும் இல்லாதபோது மாமா பரணிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம், "போன தடவ தங்கல. இந்தத் தடவையாவது தங்கணும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் என் காதில் விழுந்தது. போன தடவை அத்தை அம்மையார்குப்பத்தில் தன் தாய்வீட்டில் ரொம்ப நாள் தங்கியிருந்தது எனக்கே தெரியும். அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. மாமா மஞ்சள் பையில் கண்ணாடியையும் எடுத்துவந்தார். அதை எனக்குப் போட்டுவிட்டு, குளத்துத் தண்ணீருக்குள் இருப்பதைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். மலையடிவாரத்துச் சரவணப் பொய்கையில் கால் வைக்க இடமில்லை. காவடிகளும் அரோகரா சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஊரே முழுகி எழுந்தது. அத்தை மட்டும் படியில் உட்கார்ந்து தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒரே ஒரு முழுக்கு அத்தை!"

"வேணாம் கண்ணு."

இனி முருகன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இரைச்சலில் அவன் காதில் விழ வேண்டுமே என்று, மலையைப் பார்த்துக் கைகூப்பி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"முருகா! எங்க அத்தை சீக்கிரம் முழுகணும்!"

அம்மா என் வாயிலேயே அடித்தாள். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்கூட, "அய்யய்யோ, இன்னா பொண்ணு இது" என்றாள். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். எல்லாருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. மாமா என்னை ஓரமாக அழைத்துப்போனார்.

"யார் உன்னை இப்டி வேண்டிக்கச் சொன்னது?" குனிந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"யாரும் சொல்லல. அத்தை முழுகிட்டா நீங்க கடலுக்குப் போலாம்ல? நீங்கதான் யாருக்கும் தெரியாம அந்தக் கண்ணாடிய எடுத்து எடுத்துப் பாக்கறீங்க!"

மாமா என்னையே பார்த்தார். பிறகு மஞ்சள் பையைத் திறந்து கண்ணாடியை எடுத்தார். எனக்குப் போட்டுவிடப் போகிறார் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் படியிறங்கிப் போய் அதைக் குளத்தின் நடுவில் வீசினார். கனமான கண்ணாடி, போட்டவுடனே முழுகிவிட்டது.

"மாமா! எடுங்க மாமா!"

ஊரார் குடத்துக்கெல்லாம் பாய்ந்தவர் அசையாமல் நின்றார். "சாமிக்குப் போட்டது பாப்பா. எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, ஈரக் காலோடு போய் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேர் பார்க்க அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

தையில் அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்குள் கப்பற்படைக்காரர் ஊருக்குப் போய்விட்டிருந்தார். மாமா பழையபடி கிணற்றில் முழுகினார், கடல் என்ற பேச்சை மட்டும் எடுக்கவில்லை. என்மேல் இருந்த கோபத்தில்தான் கண்ணாடியைத் தூக்கிப் போட்டார் என்று வெகுகாலம் எனக்கு மனத்தாங்கல் இருந்தது.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து, அம்மா யாரிடமோ சுவருக்கு மேலாக, "எங்க பொண்ணு முழுகாம இருக்கா" என்று பெருமையாகச் சொன்னாள். உள்ளே இருந்த நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு குளக்கரையில் மாமா என்னைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்து, சிரிப்பு நின்றுபோனது. எந்தக் கிணற்றுக்கும் பயப்படாத மனிதர் ஒரு சின்னப் பெண்ணின் வேண்டுதலுக்கு ஏன் அப்படிப் பயந்தார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை; இப்போது தெரிந்தது. அது என்னுடைய வேண்டுதல் மட்டும்தானா, தன் மனதுக்குள்ளும் இருந்ததா என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.