கோயில் வாசலில் சப்பாத்து

பிரிக்பீல்ட்ஸில் பழைய வீடியோ கேம் விற்கும் ஒரு கடையில் அவரைப் பார்த்தேன். பெயர் கேட்கவில்லை, கேட்கிற மனநிலையும் இல்லை. வாங்குமுன் ஆடிப் பார்க்க அங்கே ஒரே ஒரு டிவி. அதன் முன்னால், செக்யூரிட்டி சீருடையில், தொப்பை முட்டியில் இடிக்க அவர் உட்கார்ந்திருந்தார். அடுத்தது நான்.

அந்த கேமைச் சொல்லவே எரிச்சல் வருகிறது. வாள், மந்திரம், தாடி வைத்த ராஜா. உலகம் அழியப்போகிறது என்று ராஜா அரை மணி நேரம் புலம்புகிறார். அழிந்து தொலையட்டும் என்றிருந்தது எனக்கு. இவரோ ஒவ்வொரு வரிக்கும், "ஆமாங்க, ஆமாங்க," என்று டிவியிடம் பதில் சொன்னார்.

ஒருவழியாக வீரன் ஒரு பாழடைந்த கோயிலுக்கு வந்தான். உள்ளே இருக்கும் விளக்கைத் தொட்டால்தான் ஆடியது பதிவாகும். அதற்குள் செத்தால் மறுபடியும் ராஜாதான். மனிதர் வாசலில் நின்றுவிட்டார்.

"பாஸ், சப்பாத்து கழட்ட எந்த பட்டன்?"

"எதுக்குண்ணே? உள்ள போங்க லா!"

"கோயிலுங்க."

தேடிக் கண்டுபிடித்துக் கழற்றினார். வெறுங்காலோடு நாலடி வைத்ததும் விஷமுள் குத்தி வீரன் செத்தான்.

"சப்பாத்து இருந்தா பொழச்சிருப்பான்ல?" என்று கத்தினேன்.

"கோயில் கமிட்டி சரியில்லைங்க. தரையக்கூட கூட்டல," என்றார். ராஜா மறுபடி புலம்பத் தொடங்கினார். "ஆமாங்க," என்றார் இவர்.

அதே கேமை ஆடிப் பார்க்காமலே வாங்கி வந்தேன். குப்பைதான். ராஜாவைத் தாண்டிக் கோயில் வாசலுக்கும் வந்துவிட்டேன். உள்ளே முள் இருப்பது தெரியும். ஆனாலும் சப்பாத்தோடு ஏற மனம் வரவில்லை. அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வாசலில் நிற்கிறேன்.