இரண்டு கடைவாய்ப் பல்லும் மண்ணச்சநல்லூர் நெல்லும்

பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளைப் பார்த்து யாராவது வாய்விட்டுச் சிரித்து நீங்கள் கண்டதுண்டா? ஸ்ரீரங்கம் மார்க்கெட்டில் என்னைக் கண்டாலே தெரிந்தவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். எங்கே நாற்காலியில் உட்காரச் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான். நான் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டு வந்து, டாக்டருக்குக் கருவிகளைக் கொதிக்க வைத்துக் கொடுப்பேன், கார்டு எழுதுவேன். வெளிநாட்டில் தாடை எலும்பிலேயே பல்லை நட்டுவிடுகிறார்களாம். எங்களிடம் கழற்றி மாட்டுகிற செட்டுதான். இங்கே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக அஞ்சலை அக்கா கதையைச் சொல்கிறேன்.

கார்டில் எழுதாதது

அஞ்சலை அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் களத்து வேலை. மேல் பல் அத்தனையும் ஆட்டம், கீழேயும் பெரும்பாலும். மொத்தமாக எடுத்துவிட்டு முழு செட் கட்டிவிடலாம் என்றார் டாக்டர். அக்காவும் தலையாட்டினார். கார்டில் தொழில் என்ற இடத்தில் நான் 'கூலி' என்று எழுதி முடித்தேன்.

காத்திருந்த நேரத்தில் அக்கா புடவையில் ஒட்டியிருந்த நெல் ஒன்றை எடுத்து, உமியை நகத்தால் நீக்கி, வலது கடைவாயில் வைத்துக் கடித்தார். இன்னும் அரை வெயில் வேண்டும் என்று முணுமுணுத்தார். விசாரித்தால், அவித்த நெல் காய்ந்துவிட்டதா என்று கடித்துப் பதம் சொல்வதுதான் அவர் வேலையாம். பதம் தவறினால் மெஷினில் அரிசியெல்லாம் குருணை. கூட்டவும் அள்ளவும் ஆள் நிறைய உண்டு, பதம் சொல்ல அவர் ஒருத்திதான். பல் போனால் அந்த இடமும் போய்விடும். இதை ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பல்லைப் புடுங்கறவர்கிட்ட நெல்லைப் பத்தி என்னத்தப் பேசறது பாப்பா?"

மூன்று மாதம்

நானே ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டர் மறுபடி தட்டிப் பார்த்தார். வலது பக்கம் கீழே இரண்டு கடைவாய்ப் பற்கள் கல்லு மாதிரி இருந்தன. அவற்றை மட்டும் விட்டுவிட்டு, சர்க்கரை இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொண்டு, மற்றதை நாலு தவணையாக எடுத்தார்.

கடைசிப் பல்லை எடுத்த அன்றே செட் வேண்டும் என்றார் அக்கா. ஈறு ஆறாமல் அளவெடுத்தால், அது வற்றியதும் செட் லொடலொடவென்று ஆடும். மூன்று மாதம் பொறுக்கத்தான் வேண்டும். கீழே இரண்டு பல் இருந்தும், மேலே பல் இல்லாமல் நெல்லைக் கடிக்க முடியாதே. அதற்குள் களத்து மேஸ்திரி தானே பதம் சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். அக்கா வாரா வாரம் பஸ் ஏறி வந்து ஈறைக் காட்டிவிட்டுப் போவார்.

"என் வாய் ஆறுறவரைக்கும் அந்த ஆளு வாயை யாரு தச்சு வைக்கிறது?"

வெந்நீர்

செட் வாங்கிய நாலாம் நாள் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். மாட்டினால் நிற்கவில்லை. கொதிக்கிற வெந்நீரில் போட்டு அலசியிருக்கிறார், கோணிவிட்டது. தப்பு என் பேரிலும் உண்டு. பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள் என்றேனே தவிர, வெந்நீர் ஆகாது என்று சொல்லவில்லை. திரும்பவும் அளவு, திரும்பவும் இரண்டு வாரம். எனக்குத்தான் அழுகை வந்தது. அக்கா டாக்டரிடமே நியாயம் கேட்டார்.

"நெல்லு வெந்நீர்ல கெடந்தாத்தான் கெட்டிப்படுது. இந்தப் பல்லு ஏங்க கோணுது?"

தினம் ஐந்து நெல்

இரண்டாவது செட்டுக்குக் குழைந்த சோறு, பிறகு இட்லி என்று படிப்படியாகப் பழக்கினோம். சின்னத் துண்டாக இரண்டு பக்கமும் மெல்ல வேண்டும். நெல்லைக் கடித்தபோது மட்டும் காய்ந்ததும் காயாததும் ஒன்றாகத்தான் இருக்கிறது என்று முகம் வாடிப்போனார். ஆனாலும் விடவில்லை. தினமும் களத்தில் ஐந்து நெல்லை எடுத்து, மிச்சமிருந்த அந்த இரண்டு பல்லின் மேல் வைத்துக் கடித்து, கடித்தே பழகினார்.

ஒரு நாள் மேஸ்திரி அள்ளலாம் என்றாராம், அக்கா இன்னும் ஒரு மணி நேர வெயில் வேண்டும் என்றாராம். முதலாளி இரண்டு விதமாகவும் ஒவ்வொரு மூட்டை அரைக்கச் சொன்னார். மேஸ்திரி மூட்டையில் பாதி குருணை. அக்காவுக்குப் பழைய இடம் திரும்பக் கிடைத்தது. ஆகவே மக்களே, பல்லைப் பிடுங்க வாயைத் திறக்கும் முன்னால், பேசுவதற்கும் ஒரு தடவை திறந்துவிடுங்கள்.

அடுத்த மாதம் அக்கா ஓர் ஆளைக் கூட்டிவந்தார். கன்னம் வீங்கியிருந்தது. அந்த மேஸ்திரிதான். அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, டாக்டர் பக்கம் திரும்பினார் அக்கா.

"இவருக்கு ஒண்ணையும் மிச்சம் வைக்காதீங்க டாக்டரய்யா. பதம் பாக்கத்தான் நான் இருக்கேனே."