மருந்தகத்துக் குழாயடி

எங்கள் நிறுவனத்து மருத்துவ விதிகளில் ஒன்று இப்படிச் சொல்கிறது: நோயாளி அதுவரை எடுத்துக்கொண்ட சிகிச்சை எதுவானாலும், எந்த வைத்திய முறையைச் சேர்ந்ததானாலும், மருத்துவர் அதைக் கேட்டறிந்து குறித்துக்கொள்ள வேண்டும். நான் நிர்வாகப் பிரிவில் கண்காணிப்பாளனாக இருந்தவன். அந்த விதியைத் தமிழில் எழுதிக் கொடுத்ததே நான்தான். நிறுவனத்து மருத்துவர் உட்காரும் மருந்தகத்திலோ வேறொரு வாசகம் சிவப்பு எழுத்தில் தொங்கியது: 'நாட்டு மருந்து உட்கொள்பவர்களுக்கு இங்கே சிகிச்சை கிடையாது.' விதி கோப்பில் இருந்தது, பலகை சுவரில் இருந்தது. ஜனங்கள் சுவரைத்தான் படித்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்தோம். மருந்தகம் தொழிற்பேட்டைச் சாலையில், வீட்டுக்குப் பக்கம். அதன் வாசலில் ஒரு குழாய் உண்டு. குடிதண்ணீருக்காகப் போட்டது. உண்மையில் அது பயன்பட்டது வேறொன்றுக்கு. முழங்காலில் போட்ட பற்று, நெற்றியில் அப்பிய அரைப்பு, வீங்கிய கணுக்காலில் கட்டிய இலை, எல்லாவற்றையும் அந்தக் குழாயடியில் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மருந்தகத்து ஆயாவே தேங்காய் நார் எடுத்து வைத்திருப்பாள். குழாயைச் சுற்றியிருந்த சிமெண்டு எந்தக் கோடையிலும் பச்சையாகவே இருக்கும். தாவரவியல் ஆய்வுக்கு உகந்த இடம் என்று நான் அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

என் மனைவிக்கு மூட்டுவலி. ஒரு வருடம் மாத்திரை விழுங்கியும் மாடிப்படி ஏற முடியாமல் இருந்தவள், திடீரென்று படியேறி வடாம் காயவைத்தாள். முகம் உருண்டு கன்னம் வைத்தது. "அக்காவுக்கு இப்பதான் கல்யாணக் களை வந்திருக்குது" என்றார் பக்கத்து வீட்டம்மா. அவர் கணவர் கிருஷ்ணகிரி மண்டிகளுக்கு மாங்காய் அனுப்பும் வியாபாரி. என் மனைவியும் சிரித்தாள். எனக்கும் சந்தோஷம்தான்.

அதே சமயம் அவளுக்குச் சர்க்கரை வந்தது. அப்போது சிறுநீரை மருந்து நீரில் கொதிக்கவைத்து நிறம் பார்ப்பார்கள். நீலமாக இருந்தால் நல்லது. அவளுடையது செங்கல் நிறத்தில் நின்றது. மருத்துவர் மாத்திரை எழுதினார். அடுத்த மாதமும் செங்கல்தான்.

அன்று நானும் கூடப் போயிருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு தொழிலாளியின் மனைவி. அவசரத்தில் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது, காலோரத்தில் பச்சை ஒட்டியிருந்தது.

"இது என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார், தழை..."

"தழை தின்னா ஆட்டு டாக்டர்கிட்ட போ. கெலமங்கலம் ரோட்டுல மாட்டாஸ்பத்திரி இருக்கு. நெக்ஸ்ட்!"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் குழாயடி வழியாக வந்தவர்கள்.

பிறகு என் மனைவி உட்கார்ந்தாள். மருத்துவர் கண்ணாடிக் குழலைத் தூக்கிக் காட்டினார். "என்னம்மா, உள்ள செங்கல் சூளை வச்சிருக்கியா? நீயும் ஏதாவது சூரணம் கீரணம் தின்றியா?"

"இல்லீங்க டாக்டர்."

"தின்னுட்டு வந்து கிட்னி போச்சுன்னா என்கிட்ட வராத. சார், நீங்க படிச்சவர், சொல்லி வையுங்க." மாத்திரையை இரட்டிப்பாக்கினார். கழுவிக்கொள்ள என் மனைவியிடம் எதுவும் இருக்கவில்லை. அவளுடையது வயிற்றுக்குள் இருந்தது.

அடுத்த வாரம் தொழிற்சாலை வாயிலிலிருந்து எனக்கு ஆள் வந்தது. பக்கத்து வீட்டம்மா செருப்புகூட இல்லாமல் காவலாளி அறையில் நின்றார். "அண்ணா, அக்கா அடுப்படியில வுழுந்து கெடக்குறாங்க. பேச்சு மூச்சில்ல. வேர்வை ஊத்துது."

நிறுவனத்து ஆம்புலன்ஸ் ஊழியருக்கு மட்டும். குடும்பத்தினருக்கு மேலாளர் கையெழுத்து வேண்டும். மேலாளர் பெங்களூரில் கூட்டத்தில் இருந்தார். அப்படிச் சொல்லும் சுற்றறிக்கையின் எண்கூட எனக்குத் தெரியும். மனைவியை மாங்காய் டெம்போவில் படுக்கவைத்து, மாநில எல்லை தாண்டி, பெங்களூர்ப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது, நேரம் கடந்ததால் மூளையையும் தொட்டிருக்கலாம் என்றார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள்தான் கண் திறந்தாள். என்னைப் பார்த்து யாரென்று யோசித்தாள்.

இரண்டு நாள் கழித்து ஓர் இளம் பெண் மருத்துவர், கன்னடம் கலந்த தமிழில் பேசுகிறவர், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அம்மா, நான் பையல்ல, ஐயோ, திட்டல்ல. மூட்டுக்கு வேற ஏனாவது சாப்டீங்களா? சொன்னா நனக்கு உபகாரம்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள்.

திரைச்சீலைக்கு வெளியே நின்று கேட்டேன். கெலமங்கலம் சந்தையில் ஒரு வைத்தியர் கொடுத்த பொடி. தேனில் குழைத்துத் தினமும் இரண்டு வேளை. கடுகு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். எட்டு மாதமாகச் சாப்பிட்டிருக்கிறாள். மருந்தகத்து மருத்துவர் சத்தம் போட்ட அன்று பயந்துபோய் மொத்தத்தையும் சாக்கடையில் கொட்டிவிட்டாள்.

அந்த மருத்துவர் என்னிடம் பொறுமையாக விளக்கினார். அந்தப் பொடியில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வலி போனது அதனால். கன்னம் உருண்டது அதனால். சர்க்கரை ஏறியதும் அதனால்தான். பொடியால் ஏறிய சர்க்கரைக்கு மாத்திரையை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். பொடியை நிறுத்தியதும் சர்க்கரை இறங்கியது, மாத்திரை மட்டும் இரட்டிப்பாகவே நின்றது. அதோடு அந்த மாதிரிப் பொடியை ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டுமாம். ஆகவே அதே மருந்தை இப்போது ரசீதோடு, அளந்து கொடுத்தார்கள்.

"அன்னிக்குக் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன் மனைவியிடம்.

"கேட்டாரா? மெரட்டுனாரு. இந்தப் பொண்ணுதான் கேட்டுச்சு."

"என்கிட்டயாவது?"

"உங்ககிட்ட சொன்னா நீங்க எழுத்து மூலமா அவருக்குத் தெரிவிப்பீங்க."

நான் அதைத்தான் செய்திருப்பேன்.

வீடு திரும்பியதும் நிறுவனத்து மருத்துவரைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. "நான்தான் போர்டே வச்சிருக்கேனே சார். அது விஷம்னு இப்பவாவது புரிஞ்சுதா?" என்றார். அவர் சொன்னது உண்மை. சந்தை வைத்தியர் என் மனைவிக்கு விஷம்தான் கொடுத்தார். என் கஷ்டமே இதுதான். உண்மையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டிருந்தவரிடம் ஒருவரும் உண்மை பேசவில்லை. அவருடைய நோயாளிகள் அனைவரும், அவர் எழுதி வைத்தபடி, எந்த நாட்டு மருந்தும் சாப்பிடாதவர்கள்.

என் மனைவி பிழைத்தாள். ஆனால் முன்பு போல இல்லை. பேச்சின் நடுவே சொல் நழுவிவிடும். குழம்புக்கு உப்புப் போட்டோமா என்று அடுப்பங்கரையில் நின்று யோசிப்பாள். பத்து வருடமாகப் பழகிய பக்கத்து வீட்டம்மாவை ஒருநாள் "அந்த மாங்காக்காரங்க" என்றாள். அவர் சிரித்துச் சமாளித்துவிட்டு எங்கள் கொல்லைப்புறத்தில் போய் அழுதார்.

உரிய வழியில் ஒரு மனு எழுதினேன். பலகையை எடுங்கள், விதியில் உள்ளபடி நோயாளியைக் கேளுங்கள், பயமில்லாமல் பதில் சொல்லும்படி கேளுங்கள், அப்படிக் கேட்காததால் என் வீட்டில் நடந்தது இது. மூன்று பத்திக்கு மேல் போகவில்லை. பிறகு நினைவூட்டல்கள். நான் மற்றவர்களின் மனுக்களைக் கிடப்பில் போட்ட அதே அலமாரியில்தான் என்னுடையதும் கிடந்திருக்கும்.

அடுத்த ஆண்டு பதில் வந்தது. மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டதாம். அறிவிப்பின் பொருள் அனைவரையும் சென்றடையவில்லை என்று தெரிவதால், அதே வாசகத்தைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதி, பலகை பெரிதாக்கப்பட்டிருக்கிறதாம்.

அதைப் படித்துக்கொண்டே மருந்தகத்துக்குப் போனேன். என் மனைவிக்கு அன்று மாதாந்திரச் சோதனை. பக்கத்து வீட்டம்மா முன்னாலேயே அழைத்துப் போயிருந்தார். புதுப் பலகையில் பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை. அதற்குக் கீழே, குழாயடியில், என் மனைவி புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்து நின்றாள். முழங்காலில் பூசியிருந்த பற்றைப் பக்கத்து வீட்டம்மா தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். "சும்மா இலைதாங்க, உள்ளுக்கு ஒண்ணும் சாப்புடல" என்றாள் என் மனைவி, நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. என் மேல்சட்டைப் பையில் அந்தப் பதில் இருந்தது. நிலுவைக் கோப்புகளையெல்லாம் அவசரமாக முடித்துவைக்கும் நாள் அது: மார்ச் முப்பத்தொன்று.