வியாழக்கிழமை மகேசன்

புதன்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குத் தொலைபேசி அடித்தது. ஆடி மாதம் ஒக்லாந்தில் குளிர்காலம், எங்கள் மனுரேவாவில் இன்னும் விடியவில்லை. வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நான் ஒரு சப்பாத்தை மட்டும் போட்டிருந்தேன். என் மனைவி ரதிதேவிதான் எடுத்தாள். பேசியது குணரத்தினம் அண்ணையின் மனைவி செல்வநாயகி அக்கா.

“தம்பியைக் கெதியா வரச்சொல்லும் பிள்ளை. இவர் எழும்புறார் இல்லை.”

அவர்கள் இருந்த பாபகூராவுக்குக் காரில் பத்து நிமிடம். நாங்கள் போனபோது அம்புலன்ஸ்காரர்கள் தங்கள் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள். நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள். குணரத்தினம் அண்ணைக்கு வயது ஐம்பத்தாறு.

அவர் எனக்கு உறவில்லை. ஆனால் பதினான்கு வருடம் சிறையில் இருந்திருக்க வேண்டிய நான் இன்று என் வீட்டில், என் மேசையில் இருந்து இதை எழுதுவது அவரால்தான். அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களும் அந்த வழக்கோடு சேர்த்து மெதுவான குரலில்தான் கதைப்பார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

அண்ணை சாவகச்சேரிக்காரர். இருபத்தாறு வருடம் தபால் கந்தோரில் எழுதுவினைஞர், கடைசி ஒன்பது வருடம் கொழும்பில். எண்பத்துமூன்று கலவரத்தில் அவர் இருந்த வீட்டை எரித்துவிட்டார்கள். மனைவியை ஊருக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வருடம் பங்குனியில் விசிட்டர் விசாவில் ஒக்லாந்து வந்தார். தூரத்துச் சிநேகிதர் ஒருவரின் கடிதத்தோடு வந்தவரை எங்கள் கராஜில் ஒரு கட்டில் போட்டு வைத்திருந்தோம். மூன்று மாதத்தில் விசா முடிந்துவிட்டது. இருக்கவும் அனுமதியில்லை, வேலை செய்யவும் அனுமதியில்லை.

நான் அப்போது ஒரு பண்டகசாலையில் பின்னேர வேலை செய்துகொண்டிருந்தேன். துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளைப் பொறுப்பேற்று, படிவத்தில் கையெழுத்து வைத்து அடுக்குவது. செவ்வாயும் வியாழனும் நகரத்தில் கணக்கியல் வகுப்பு. வகுப்பையும் விட முடியாது, வேலையையும் விட முடியாது. அந்த இரண்டு நாளும் என் வேலை அட்டையோடு, என் பெயரில், குணரத்தினம் அண்ணை வேலைக்குப் போனார். அது பிழை என்று இருவருக்கும் தெரியும். வந்தவருக்கு ஒரு வழி செய்துகொடுப்பது என்று சொல்லிச் சமாதானப்பட்டுக்கொண்டோம். என் வசதியும் அதில் இருந்தது.

முதல் நாள் முடிந்து வந்தவர் கதவடியிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

“தம்பி, உங்கட ஃபோர்மன் என்னைப் பாத்து, ‘மேஹேஷ், தலைமயிர் வெட்டினியோ’ எண்டு கேட்டவன்!”

அவர் என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். பாதித்தலை வழுக்கை.

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“‘யெஸ், டூ மச் கட்டிங்’ எண்டன். பாவம், நல்ல மனுசன். அவனுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம்.”

ரதிதேவி சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைச் சிந்திவிட்டாள்.

அந்த வருடம் நவம்பரில் ஒரு விடிகாலை பொலிஸ் வந்தது. சிங்கப்பூரிலிருந்து பிரம்புத் தளபாடம் என்று வந்த பெட்டிகளில் ஹெரோயின் இருந்திருக்கிறது. ஒரு கூட்டமே சேர்ந்து நடத்திய தொழில். இறக்குமதி செய்தவர்கள் இருவர், துறைமுகத்தில் ஒருவன், லொறி ஓட்டியவன். ஐந்தாவது ஆள் பண்டகசாலையில் பெட்டிகளைப் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்தவன் என்றது பொலிஸ். மூன்று படிவங்கள், மூன்றிலும் எஸ். மகேசன். மூன்றும் ஒக்டோபர் மாத வியாழக்கிழமைகள்.

பிணை கிடைக்கவில்லை. மவுண்ட் ஈடன் சிறையில் வைத்தார்கள். இலவசச் சட்ட உதவியில் எனக்குக் கிடைத்த வழக்கறிஞர் மிஸ்டர் டனிங், மூக்குக்கண்ணாடிக்கு ஒட்டுப்போட்டிருந்த உயரமான மனிதர். குற்றம் உறுதியானால் பதினான்கு வருடம் வரை போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு படிவங்களின் பிரதியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார்.

“இது கூட்டத்தின் இரகசியக் குறி என்று அரசுத் தரப்புச் சொல்கிறது. உங்களுக்கு என்னவென்று தெரியுமா?”

பென்சிலால், சின்னச் சின்ன எழுத்தில், தமிழ். “பெட்டி நாலு. முத்திரை உடைந்து வந்தது. 7.20.” அடுத்ததில், “பெட்டி இரண்டும் ஐந்தும். முத்திரை உடைந்து வந்தது. 7.45.”

பார்த்தவுடனேயே யாருடைய எழுத்தென்று தெரிந்தது. எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த சாமான் பட்டியல் துண்டிலும் அதே எழுத்துத்தான். பெட்டிகள் பண்டகசாலைக்கு வருமுன்பே திறக்கப்பட்டிருந்தன என்பதற்கும், அதைக் குறித்து வைத்தவனுக்குக் களவில் பங்கில்லை என்பதற்கும் அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அதைச் சொன்னால் எழுதியவரைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவரை அடுத்த விமானத்தில் கொழும்புக்கு ஏற்றுவார்கள். அல்லது என் இடத்தில் அவரை வைப்பார்கள்.

“தெரியாது” என்றேன்.

டனிங் பிரதிகளை மடித்து உறையில் வைத்தார். “நீங்கள் எனக்கு உதவி செய்கிறீர்கள் இல்லை, மிஸ்டர் மகேசன்.”

ரதிதேவிக்கு அப்போது நான்காவது மாதம். சிறைக்கு வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து அழுவாள். அண்ணை வர முடியாது. வாசலில் கடவுச்சீட்டுக் கேட்பார்கள். வேலையும் இல்லாமல் கராஜிலேயே இருந்தார். ஒவ்வொரு முறையும் அவளிடம் சொல்லிவிட எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அண்ணையை வெளியில் விடாதே.

சித்திரையில் கௌரி பிறந்தாள். கண்ணாடியின் மறுபக்கத்திலிருந்து தூக்கிக் காட்டினார்கள். பதினான்கு என்ற எண் எனக்கு அதன்பிறகு ஒரு வயதாகத்தான் தெரிந்தது.

விசாரணைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ரதிதேவி, அதுவரை மறைத்து வைத்திருந்ததை, பொறுக்க முடியாமல் அண்ணையிடம் சொல்லிவிட்டாள். படிவம் மூண்டும் வியாழக்கிழமையாம், பின்னால் ஏதோ தமிழில் எழுதியிருக்காம், அது கள்ளக்குறியாம், இவர் தெரியாது எண்டு சொல்லுறாராம். அவள் பிறகு எனக்குச் சொன்னது இது. அண்ணை பிள்ளைக்குப் பால்போத்தல் கழுவிக்கொண்டு நின்றாராம். கழுவி முடித்து, துடைத்து வைத்துவிட்டுத்தான் திரும்பினாராம்.

“அது என்ர எழுத்துப் பிள்ளை.”

“தெரியும் அண்ணை.”

“தெரிஞ்சுகொண்டே ரெண்டுபேரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனீங்களோ? விசர் பிடிச்சதுகள்!”

அடுத்த நாள் தன் சேட்டு ஒன்றைத் தேய்த்து மினுக்கிப் போட்டுக்கொண்டு, மனுரேவாவில் ரயிலேறி நகரத்துக்குப் போய், டனிங்கின் கந்தோரில் தன் உண்மைப் பெயரைச் சொல்லி உட்கார்ந்திருக்கிறார். அங்கே நடந்ததை டனிங் எனக்குச் சொன்னார். நீங்கள் வாய் திறக்க வேண்டுமென்று கட்டாயமில்லை, உங்களையும் கைதுசெய்யலாம், நாடு கடத்தலாம் என்று மூன்றுதரம் எச்சரித்தாராம். “பெட்டியைப் பொறுப்பெடுத்தவன் நான். பதில் நான்தானே சொல்லவேணும்?” என்று அண்ணை கேட்டாராம்.

டனிங் அன்று பின்னேரமே சிறைக்கு வந்தார். மேசையில் ஓங்கி அடித்தார்.

“வியாழக்கிழமைகளில் நீ வகுப்பில் இருந்திருக்கிறாய்! வரவு இடாப்பில் உன் கையெழுத்து இருக்கிறது! எட்டு மாதமாக நான் யாருக்காக வழக்காடிக்கொண்டிருக்கிறேன்?”

கோபம்தான். ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உயர் நீதிமன்றத்தில் அண்ணையின் சாட்சியம் ஒரு முழுநாள் நடந்தது. அதற்கு முன் பென்சில் எழுத்தை வாசிக்க, எங்கள் யாரையும் தெரியாத ஒருவரைத் தேடினார்கள். ரானுயியில் இருந்து ஜெயம்மா என்று ஃபிஜிக்கார அம்மா ஒருவர் வந்தார், அங்கே நாடி என்ற ஊரில் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவர். மூன்று துண்டையும் வாசித்து ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கூண்டிலிருந்த என்னைப் பார்த்துத் தமிழிலேயே, “இதுல ரகசியம் ஒண்ணுமே இல்லையே தம்பி, பெட்டி ஒடஞ்சிருக்குன்னுதானே எழுதியிருக்கு” என்றார். நீதிபதி அவரைக் கண்டித்தார்.

ஃபோர்மன் என்னைத்தான் வியாழக்கிழமைகளில் பார்த்ததாக ஏற்கெனவே சத்தியம் செய்திருந்தார். டனிங் என்னையும் அண்ணையையும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கச் சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை. ஃபோர்மன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். கழுத்திலிருந்து காதுவரை சிவந்துபோனார். தீர்ப்புச் சொல்ல இருந்த யூரிகளில் ஒரு பெண் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு அரசு வழக்கறிஞர் எழுந்து அண்ணையைக் கேட்டார். ஏன் தமிழில், ஏன் பின்பக்கத்தில்?

“முன்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினால் மகேசனின் எழுத்தில்லை என்று தெரிந்துவிடும், சேர்.”

“அப்படியானால் எழுதாமலே விட்டிருக்கலாமே?”

அந்தக் கேள்வி அண்ணைக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, முத்திரை உடைந்த தபால் பையை வாங்குகிறவன் அதை எழுதாமல் விட முடியாது என்றார். தபால் கந்தோரில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான் என்றார்.

“ஐந்து மாதம் பெயரில் பொய் சொன்னவரை நாங்கள் இப்போது நம்ப வேண்டுமா?”

“பெயர் பொய், சேர். முத்திரை உண்மை.”

யூரிகள் மூன்றேகால் மணிநேரம் உள்ளே இருந்தார்கள். மற்ற நால்வரும் குற்றவாளிகள். நான் இல்லை.

அண்ணையை அந்த வழக்கில் சேர்க்கவில்லை. ஆனால் நாட்டைவிட்டு அனுப்பும் கட்டளை ஒரு கிழமைக்குள் வந்தது. டனிங் சம்பளம் வாங்காமல் அமைச்சருக்கு எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். ஃபோர்மனும் ஒரு கடிதம் கொடுத்தார். பதின்மூன்று மாதம் ஒவ்வொரு திங்களும் அண்ணை குடிவரவுக் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைத்தார், தன் சொந்தப் பெயரில். அந்தப் பதின்மூன்று மாதத்தில் ஒருநாள்கூட என்னைக் குற்றம் சொல்லும் ஒரு பார்வையை நான் அவரிடம் கண்டதில்லை. கௌரியைத் தள்ளுவண்டியில் வைத்து ஸ்டேஷன்வரை கொண்டுபோய் ரயில் காட்டிக்கொண்டு வருவார்.

எண்பத்தாறு கார்த்திகையில் அனுமதி வந்தது. பாபகூராவில் ஒரு கம்பனியின் தபால் அறையில் வேலையும், ரயில் பாதையைப் பார்த்தபடி ஒரு சின்ன ஃபிளாட்டும் கிடைத்தன. அடுத்த வருடம் வைகாசியில் செல்வநாயகி அக்கா வந்து இறங்கினார். பதினான்கு மாதம் இருவரும் சேர்ந்திருந்தார்கள்.

நேற்று மாங்கேரேயில் தகனம். டனிங் வந்து கடைசி வரிசையில் நின்றார். பிறகு ஃபிளாட்டுக்குப் போனோம். அக்கா எங்களுக்குத் தேத்தண்ணி போட்டார், தடுத்தும் கேட்கவில்லை.

“மகேசன் ஜெயிலுக்குப் போனதாலதானே உமக்கு விசா வந்தது எண்டு இவர் என்னைப் பகிடி பண்ணுவார்” என்றார். “ஆக்கள் இருக்கேக்கை சொல்லாதேங்கோ எண்டு நான் பேசுறது.”

“எனக்கும் சொல்லியிருக்கிறார், அக்கா” என்றேன். அவர் சிரித்தார். எனக்கு அது பெரிய காரியமாக இருந்தது.

நன்றி என்ற சொல்லை நான் அண்ணைக்கு ஒருதரம்தான் சொன்னேன், நீதிமன்றப் படியில். “விசர்க்கதை கதையாதையும், வீட்டிலை பிள்ளை பாத்துக்கொண்டிருக்கும், நடவும்” என்றுவிட்டார்.

புறப்படும்போது என் கோட்டை எடுக்கப் படுக்கையறைக்குப் போனேன். ஸ்டேஷன் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது, நித்திரை வரவில்லை என்று அக்கா சொன்னதற்காக, அண்ணை தன் கடைசி நாளான செவ்வாய்க்கிழமை புதுத் திரைச்சீலை ஒன்று வாங்கி வந்திருந்தார். பன்னிரண்டு கொக்கிகளில் ஏழு மாட்டியிருந்தன.