மழை மேல் போட்ட பழி

ப்ளஸ் டூ முடித்த கோடையிலேயே மூன்று வருடப் புவியியல் படிப்புக்கு ஒரு நோட்டில் திட்டம் போட்டிருந்தேன். முதல் வருடம் மண்ணும் மழையும். இரண்டாம் வருடம் வரைபடம். மூன்றாம் வருட ஆய்வுக்கு, பாலாற்றில் மணல் அள்ளி அள்ளி எங்கள் ஊர்க் கிணறுகள் வற்றிய கதை. அந்தக் கடைசித் தலைப்புக்காகத்தான் அந்தப் படிப்பையே கேட்டேன்.

கல்லூரிப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. பெரிய மனிதர் யாரிடமாவது சிபாரிசுக் கடிதம் வாங்கிப் போனால் சீட்டு கிடைக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா என்னை சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போய் இறக்கிய வீட்டு வாசலில் நான்கு மணல் லாரிகள் நின்றன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவருகிட்டயா?" என்றேன்.

"நமக்கு வேற யாரு கீறாங்க? வாய மூடிக்கினு வா" என்றார் அப்பா.

மணல் குத்தகைக்காரர் எங்களுக்கு டீ கொடுக்கச் சொன்னார். "இன்னா படிக்கப் போறம்மா? பூகோளமா? படி, படி. நம்ம ஆறு, ஏரியப் பத்தியெல்லாம் நாலு பேரு தெரிஞ்சிக்கணும்" என்றபடியே கையெழுத்துப் போட்டார். சீட்டு கிடைத்துவிட்டது.

மூன்றாம் வருடம் ஆய்வுத் தலைப்பு கேட்டார்கள். 'பருவமழைக் குறைவும் கிணற்று நீர்மட்டமும்' என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் கிணறுகள் வற்றியதற்கு மழைதான் காரணம் என்று முப்பது பக்கம் எழுதி, வெட்கமில்லாமல் நல்ல மார்க்கும் வாங்கினேன்.

மழைக்குத்தான் சிபாரிசுக்கு ஆள் இல்லை.