யூரோ இறங்கட்டும், அப்புறம் கப்பல் ஏறலாம்

கப்பல் சுற்றுலா விற்கிற கடையில் உட்கார்ந்தால், கடலைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். எந்த நாட்டில் யார் ஜெயிப்பார், யூரோ எவ்வளவு இறங்கும் என்றுதான் கேட்பார்கள். சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் மூன்று வருடமாக நான் இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்கு என் பாடு புரியும்.

முதல் துண்டுச்சீட்டு

மாரிமுத்து அங்கிள் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது வீடு பொங்கோலில். மனைவி சரோஜா ஆன்ட்டியோடு வந்து, இத்தாலி, கிரீஸ் பக்கம் போகிற ஏழு நாள் கப்பல் வேண்டும் என்றார். "எத்தனையோ கப்பலுக்குப் பெட்டி ஏத்தி இறக்கியிருக்கேன் தம்பி. ஒண்ணுலகூட உள்ளே கால் வச்சதில்ல."

கட்டணம் யூரோவில் இல்லை, சிங்கப்பூர் டாலரில்தான் என்று சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை. கையில் ஒரு துண்டுச்சீட்டு வைத்திருந்தார். கீழே நாணயமாற்றுக் கடையில் எழுதி வாங்கிய அன்றைய யூரோ விலை. ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டில் தேர்தல் வேறு வருகிறதாம். "ஆட்சி மாறட்டும். யூரோ தானா இறங்கும். அப்போ புக் பண்ணலாம்" என்று எழுந்துவிட்டார். ஆன்ட்டி என் பக்கம் குனிந்து சொன்னார்: "எங்க கல்யாணத்தையே தங்கம் விலை இறங்கட்டும்னு ஆறு மாசம் தள்ளிப் போட்டவரு, தம்பி."

சொன்னபடியே நடந்தது

ஆட்சி மாறியது. யூரோவும் இறங்கியது. மறுநாள் நான் கடை திறக்க வரும்போதே அங்கிள் வாசலில் நின்றார், புதுச் சீட்டோடு. கணினியைப் பார்த்தால் கட்டணம் ஏறியிருந்தது. யூரோ மலிவாகிவிட்டதென்று எல்லாரும் முந்திக்கொண்டு பதிவு செய்துவிட்டார்கள். மிச்சமிருந்தது நாலைந்து அறைதான்.

எனக்குச் சத்தமாகப் பேச வராது. ஒவ்வொன்றாக, மெல்ல விளக்கினேன். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டார்: "சரி, முந்திக்கிட்டவங்கல்லாம் எந்தக் கட்சி?"

காணாமல் போன துறைமுகம்

அடுத்த மாதம், கப்பல் நிற்க வேண்டிய ஓர் ஊரில் கலவரம். அங்கே நிற்காது, அன்று முழுக்கக் கடலிலேயே போகும் என்று மின்னஞ்சல் வந்தது. பணம் கட்டியவர்கள் காலையிலிருந்து தொலைபேசியில் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அங்கிள் ஒரு பை நிறைய, உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் வாங்கிக்கொண்டு வந்தார். "பார்த்தியா? அவசரப்பட்டிருந்தா நாமளும் மாட்டியிருப்போம்!"

எங்கள் முதலாளி மலர் அக்கா கறிபாப்பைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "அங்கிள், கிரேன்லயும் நீங்க இப்படியே யோசிச்சிருந்தா, அந்தக் கப்பல்லாம் இன்னும் தஞ்சோங் பகார்லயே நிக்கும் லா."

ஆன்ட்டி மட்டும் வந்த நாள்

ஒரு செவ்வாய்க்கிழமை ஆன்ட்டி தனியாக வந்தார். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடிப்படி ஏறுவதற்குள் நான் மூன்று பேருக்குப் பதில் அனுப்பிவிட்டேன். இரண்டு முழங்காலுக்கும் வருடக் கடைசியில் அறுவை சிகிச்சை என்று டாக்டர் நாள் கொடுத்துவிட்டாராம். அதற்கப்புறம் எப்போது நன்றாக நடக்கலாம் என்று அவராலும் சொல்ல முடியவில்லையாம். கப்பலுக்கென்று வாங்கிய புதுப்பெட்டியில் இப்போது தீபாவளிப் புடவைகள் இருக்கின்றனவாம்.

"யூரோ காத்திருக்கும் தம்பி, முட்டி காத்திருக்காது. எனக்கும் ராணிக்கும் ஒரு ரூம் போடு" என்று தன் கார்டை நீட்டினார். ராணி, அங்கிளின் சொந்தத் தங்கை. "அங்கிளுக்கு..." என்று இழுத்தேன். ஆன்ட்டி கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அவரு அடுத்த தேர்தலுக்கு வரட்டும்."

மேல் படுக்கை

அந்த வியாழக்கிழமை அங்கிளும் ஆன்ட்டியும் சேர்ந்து வந்தார்கள். அங்கிள் கையில் சீட்டு இல்லை. மேசைமேல் இருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்துவிட்டு, "தம்பி, அந்த ரூம்ல இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா?" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

இருந்தது. கூரையிலிருந்து இறக்குகிற மடிப்புப் படுக்கை. ஏணி போட்டு ஏற வேண்டும். வயதை நினைத்துத் தயங்கினேன். "ஏணியா? முப்பது வருஷம் தினமும் கிரேன் ஏறினவன்கிட்ட சொல்றே!" மூன்றாவது ஆளுக்குப் பாதிக் கட்டணம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "காத்திருந்தா விலை இறங்கும்னு சொன்னேன்ல?"

மூன்றாவது ஆளுக்கு என்றைக்குமே பாதிதான் என்று சொல்ல வாய் திறந்தேன். அங்கிள் கார்டைத் தேடிக் குனிந்த நேரத்தில் ஆன்ட்டி என் கையை லேசாகத் தட்டினார்: "சொல்லாதே தம்பி. ஜெயிச்சதாவே நினைச்சுக்கிட்டு வரட்டும்."

எந்த நாட்டில் யார் ஆட்சிக்கு வந்தாலும், யூரோ எங்கே போய் நின்றாலும், கப்பலுக்கு நாள் குறிப்பது ஒரு ஜோடி முழங்கால்தான் என்று இப்போதெல்லாம் கேட்கிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.